காற்புள்ளியா, அரைப்புள்ளியா, முற்றுப்புள்ளியா: ஆங்கிலத்தில் எதை எங்கே வைப்பது

“வி ரிசீவ்ட் த இன்வாய்ஸ், த அமவுன்ட் இஸ் ராங், ப்ளீஸ் செக்.”

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் அனுப்பும் ஆங்கில மின்னஞ்சல்களில் இந்த வார்ப்பில் ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம். எழுத்துப்பிழை இல்லை, சொல்ல வந்ததும் புரிகிறது. தமிழில் இதையே “இன்வாய்ஸ் வந்தது, தொகை தவறாக இருக்கிறது, சரிபாருங்கள்” என்று எழுதினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆங்கிலத்தில் இது பிழை. தனித்தனியே நிற்கக்கூடிய மூன்று முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டியிருக்கிறோம்; இதைக் காற்புள்ளி ஒட்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலைக்குக் காற்புள்ளிக்கு வலு போதாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் திருத்துவது எளிது. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் அளவுப் பெயர்கள். கால், அரை, முக்கால், முழுசு. வாய்விட்டுப் படிக்கும்போது எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதற்கான கணக்கு அது. ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் கிடையாது. ஐரோப்பியர் வருகையோடும் அச்சோடும் வந்து சேர்ந்தவை இவை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடை நூல்களிலும் பதிப்புகளிலும் பயன்படுத்திப் பரப்பினார். அன்றைய ஆங்கில இலக்கணமும் மூச்சைத்தான் அளந்தது. 1795இல் லிண்ட்லி மரே வெளியிட்ட இலக்கணம், கமாவைப்போல் இரண்டு மடங்கு செமிகோலன் (அரைப்புள்ளி), அதைப்போல் இரண்டு மடங்கு கோலன் (முக்காற்புள்ளி), அதைப்போல் இரண்டு மடங்கு ஃபுல் ஸ்டாப் என்று கணக்கு சொன்னது.

அதன்பிறகு ஆங்கிலம் அந்தக் கணக்கைக் கைவிட்டுவிட்டது. இன்றைய ஆங்கிலத்தில் ஒரு குறி நிறுத்தும் நேரத்தைச் சொல்வதில்லை; தன் இருபுறமும் என்ன இருக்கிறது, அவற்றுக்குள் என்ன உறவு என்பதைச் சொல்கிறது. நாம் இன்னும் மூச்சைக் கேட்டே குறி போடுகிறோம். அதோடு, வந்து, பார்த்து, சொல்லி என்று வினையெச்சங்களைச் சங்கிலியாகக் கோத்து ஒரே வாக்கியத்தில் நாலு செயலைச் சொல்வது தமிழின் இயல்பு. அந்தச் சங்கிலியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ஒவ்வொரு வினையெச்சமும் எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியமாக மாறிவிடுகிறது. நடுவில் இருந்த காற்புள்ளி மட்டும் அப்படியே நிற்கிறது.

சரி, அந்த இடத்தில் வேறு எதைப் போடலாம்? வழிகள் பல இருக்கின்றன, ஆனால் அவை ஒன்றுக்கொன்று ஈடல்ல. ஒரே செய்தியை எல்லா வழியிலும் எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றில் மின்தூக்கி பழுதானது. சாமான் வந்து சேரத் தாமதமானது. இவை இரண்டுதான் செய்தி.

முதல் வழி முற்றுப்புள்ளி. “த லிஃப்ட் ப்ரோக் டவுன். த டெலிவரி வாஸ் லேட்.” இரண்டு உண்மைகள் தனித்தனியாக நிற்கின்றன. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. சம்பவ அறிக்கை, காப்பீட்டுப் படிவம், காவல்துறையிடம் கொடுக்கும் வாக்குமூலம் ஆகியவற்றில் இதுதான் பாதுகாப்பானது, ஏனென்றால் பார்த்ததை மட்டும் எழுதுகிறீர்கள், காரணத்துக்குப் பொறுப்பேற்கவில்லை. குறை ஒன்று உண்டு: பத்து வரியும் இப்படியே போனால் தந்திபோல் வெட்டு வெட்டாகப் படும்.

இரண்டாவது, காற்புள்ளியோடு ஓர் இணைப்புச் சொல். “த லிஃப்ட் ப்ரோக் டவுன், ஸோ த டெலிவரி வாஸ் லேட்.” இங்கே காரணத்தை நீங்களே உறுதிசெய்கிறீர்கள். காற்புள்ளிக்குத் துணையாக வரக்கூடிய சொற்கள் ஏழுதான்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்று பள்ளிகளில் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். இந்த ஏழில் இல்லாத சொல் காற்புள்ளிக்குத் துணை நிற்காது. ஹவெவர், தெர்ஃபோர், மீன்வைல், தென் ஆகிய நான்கும் நம்மவர்கள் அதிகம் வழுக்கும் இடங்கள். “ஐ கால்ட் த ஆஃபீஸ், தென் ஐ சென்ட் அன் ஈமெயில்” என்று எழுதுகிறோம். தமிழின் ‘பிறகு’ போலத் தோன்றினாலும் தென் இணைப்புச் சொல் அல்ல, வினையடை. “அண்ட் தென்” என்று எழுதினால் சரியாகிவிடும். ஹவெவர் வந்தால் அதற்கு முன்னால் முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி.

மூன்றாவது அரைப்புள்ளி. “த லிஃப்ட் ப்ரோக் டவுன்; த டெலிவரி வாஸ் லேட்.” இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டுகிறீர்கள், என்ன தொடர்பு என்பதைப் படிப்பவரிடம் விடுகிறீர்கள். 1490களில் வெனிஸ் நகர அச்சகர் ஆல்டஸ் மனூட்டியஸ் காற்புள்ளிக்கும் கோலனுக்கும் நடுவே நிற்க ஒரு குறி வேண்டும் என்று அச்சில் கொண்டுவந்த வடிவம் இது. இருபுறமும் முழு வாக்கியம் இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் விதி. ஒருபுறம் துண்டு வாக்கியம் இருந்தால் போடக்கூடாது. அளவும் முக்கியம்: ஒரு பக்கக் கடிதத்தில் ஒன்றிரண்டு அரைப்புள்ளி போதும். அதற்குமேல் போனால் படிப்பவரின் கவனம் செய்தியைவிட்டுக் குறிக்குப் போய்விடும். இரண்டு செய்திகளும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் இந்தக் குறிக்கு இணை இல்லை: “த டே ஷிஃப்ட் ஹேஸ் ட்வெல்வ் பீப்பிள்; த நைட் ஷிஃப்ட் ஹேஸ் த்ரீ.” பட் போட்டால் புகாராகிவிடும், முற்றுப்புள்ளி போட்டால் ஒப்பீடு கரைந்துவிடும்.

நான்காவது முக்காற்புள்ளி. இங்குதான் தமிழ்ப் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. முக்கால் அளவு நிறுத்தத்துக்கும் இதற்கும் இன்று தொடர்பே இல்லை. ‘இதோ விளக்கம்’ என்று கதவைத் திறந்துவிடும் குறி இது. எனவே செய்தியின் வரிசை மாறும்: “த டெலிவரி வாஸ் லேட்: த லிஃப்ட் ஹேட் ப்ரோக்கன் டவுன்.” முதலில் விளைவு, கோலன், பிறகு காரணம். கோலனுக்கு முன்னால் இருப்பது முழு வாக்கியமாக இருக்கவேண்டும். “த டாக்குமென்ட்ஸ் ஆர்: பாஸ்போர்ட், ஒர்க் பாஸ்” என்று எழுதுவது தமிழின் “தேவையான ஆவணங்கள்:” என்ற தலைப்பிலிருந்து வந்த பிழை. ஆர் என்ற வினைச்சொல்லோடு வாக்கியம் முடியவில்லை, அங்கே கதவைச் சாத்தக்கூடாது. கோலனை எடுத்துவிடுங்கள், அல்லது “ப்ளீஸ் ப்ரிங் டூ டாக்குமென்ட்ஸ்:” என்று வாக்கியத்தை முடித்துவிட்டுப் போடுங்கள்.

ஐந்தாவது, ஒரு வாக்கியத்தை மற்றதற்குக் கீழே அடக்குவது. “பிகாஸ் த லிஃப்ட் ப்ரோக் டவுன், த டெலிவரி வாஸ் லேட்.” பிகாஸ், வென், ஆல்தோ, இஃப் போன்ற சொற்களில் தொடங்கும் பகுதி முன்னால் வந்தால் நடுவே காற்புள்ளி, அதே பகுதி பின்னால் போனால் பெரும்பாலும் காற்புள்ளி வேண்டாம்: “த டெலிவரி வாஸ் லேட் பிகாஸ் த லிஃப்ட் ப்ரோக் டவுன்.” தமிழில் காரணம் பெரும்பாலும் முன்னால்தான் வரும் (“மின்தூக்கி பழுதானதால்...”). அதனால் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு முதல் வடிவமே கைக்கு எளிதாக வரும். அங்கே காற்புள்ளியும் சட்டப்படியே இருக்கிறது. மூச்சும் இலக்கணமும் ஒத்துப்போகும் இடம் இது.

இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு. வினையெச்சத்துக்கு நேரான இங் வடிவம்: “ஹேவிங் செக்ட் த மோட்டர், த டெக்னிஷியன் ஷட் டவுன் த லிஃப்ட்.” செய்து என்னும் வினையெச்சம் முதன்மை வினையின் எழுவாயையே தானும் கொள்ளும் என்பது தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் அதேதான். “ஹேவிங் செக்ட் த மோட்டர், த லிஃப்ட் வாஸ் ஷட் டவுன்” என்று எழுதினால், மோட்டாரைச் சோதித்தது மின்தூக்கியே என்று பொருளாகும்.

நெடுங்கோடும் (டாஷ்) இந்த வேலையைச் செய்யும், பேச்சுத் தொனியில். நண்பருக்கு எழுதும்போது நன்றாக இருக்கும். நகர மன்றத்துக்கோ வங்கிக்கோ எழுதும் கடிதத்தில் அதற்கு இடமில்லை. போடுவதென்றால் இணைப்புக்கோட்டைப் போட்டு ஏமாற்றாதீர்கள். வேர்டில் இரு சொற்களுக்கு நடுவே இடைவெளி, ஒரு சிறுகோடு, மறுபடி இடைவெளி விட்டு அடுத்த சொல்லைத் தட்டினால் தானாகவே நடுத்தரக் கோடாக மாறும். பிரிட்டிஷ் வழக்கம் அதுதான். இடைவெளியில்லாத நீளக் கோடு அமெரிக்க வழக்கம். விண்டோஸில் ஆல்ட் விசையோடு எண்பலகையில் 0150 அழுத்தினால் நடுத்தரக் கோடு, 0151 அழுத்தினால் நீளக் கோடு.

எதைத் தேர்வது? சந்தேகம் வந்தால் முற்றுப்புள்ளி. ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளி போட்டு மாட்டிக்கொண்டவர் யாரும் இல்லை. காரணம் உங்களுக்குத் திண்ணமாகத் தெரிந்திருந்தால் ஐந்தாவது வழி. அரைப்புள்ளியை எதிரெதிர் வைக்கும் இடத்துக்கு என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதலில் பார்த்த மின்னஞ்சல் இப்படி ஆகும்: “வி ரிசீவ்ட் த இன்வாய்ஸ், பட் த அமவுன்ட் இஸ் ராங். ப்ளீஸ் செக்.” ஒரு பட், ஒரு முற்றுப்புள்ளி. வேலை முடிந்தது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஐந்து வழியையும் ஒரே வாக்கிய இணையில் எழுதிப் பார்க்கச் சொல்வது நல்ல பயிற்சி. ஆங்கிலத் தேர்வின் இரண்டாம் தாளில் இரு வாக்கியங்களை ஒன்றாக்கும் பகுதி இருக்கிறது: ஐந்து கேள்வி, பத்து மதிப்பெண். கொடுத்த சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிறதா நடுவில் வருகிறதா என்பதைப் பார்த்தே காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியிருக்கும். சொற்களைச் சரியாக மாற்றிவிட்டுக் காற்புள்ளியைத் தவறவிடும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டவேண்டியது பிகாஸ், ஆல்தோ ஜோடியைத்தான்.

அடுத்து, தேர்வுக்கே இடமில்லாத மூன்று இடங்கள். இங்கே யோசித்து நேரத்தை வீணாக்கவேண்டாம், எடுத்துவிடுங்கள்.

ஒன்று, எழுவாய்க்குப் பின் வரும் காற்புள்ளி. தமிழில் “தெம்பனிஸில் வேலை பார்க்கும் என் அண்ணன், நேற்று வந்தார்” என்று நீண்ட எழுவாய்க்குப் பின் காற்புள்ளி போடுவது நல்ல வழக்கம், படிப்பதற்கு உதவும். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி நிற்கவே கூடாது, எழுவாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும். “ஆல் த ஒர்க்கர்ஸ் ஹூ கேம் ஃப்ரம் த செகண்ட் சைட், வேர் லேட்” என்பதில் அந்தக் காற்புள்ளி பிழை. இரண்டு காற்புள்ளி போட்டுச் செருகல் செய்தால் அது வேறு கதை, பொருளே மாறிவிடும். “த ஒர்க்கர்ஸ், ஹூ கேம் பை லாரி, வேர் லேட்” என்றால் எல்லாரும் லாரியில் வந்தார்கள், எல்லாரும் தாமதம். காற்புள்ளிகளை எடுத்துவிட்டால் லாரியில் வந்தவர்கள் மட்டும் தாமதம், மற்றவர்கள் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். சம்பளம் பிடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் மேலாளர் இந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இரண்டு, தட் என்ற சொல்லுக்குப் பின் வரும் காற்புள்ளி. “ஹி செட் தட், த கான்ட்ராக்ட் இஸ் ஓவர்.” ‘அவர் சொன்னது என்னவென்றால்,’ என்று நாம் நிறுத்திப் பேசுவதன் நிழல் அது.

மூன்று, மறைமுகக் கேள்விக்கு வினாக்குறி. “ஐ வுட் லைக் டு நோ வென் த ரிப்பேர் வில் ஸ்டார்ட்” என்பது கேள்வி அல்ல, ‘தெரிந்துகொள்ள விரும்புகிறேன்’ என்ற கூற்று. முற்றுப்புள்ளிதான். இங்கே வினாக்குறி போடுபவர்கள் பெரும்பாலும் சொல்வரிசையையும் மாற்றி “வென் வில் த ரிப்பேர் ஸ்டார்ட்” என்று எழுதிவிடுகிறார்கள். குறியைச் சரிசெய்யும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பட்டியலில் கடைசிச் சொல்லுக்கு முன், அதாவது அண்ட் என்பதற்கு முன், காற்புள்ளி போடுவதா என்பது உண்மையிலேயே தேர்வுக்குரிய கேள்வி. ஆக்ஸ்ஃபர்ட் கமா என்று பெயர் பெற்றது இது. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக அச்சகம் போடச் சொல்கிறது, அமெரிக்கப் புத்தகப் பதிப்பாளர்கள் பெரும்பாலும் போடுகிறார்கள். பிரிட்டிஷ் நாளிதழ்கள் பொதுவாகப் போடுவதில்லை, அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் எளிய பட்டியல்களில் விட்டுவிடுகிறது. சிங்கப்பூர்ப் பத்திரிகை ஆங்கிலத்தைப் படித்து வளர்ந்தவர்களுக்கு விடுவதுதான் பழக்கம்.

தமிழர்களுக்கு இந்தச் சிக்கலே புதிது. ‘ஆகிய’, ‘ஆகியோர்’ என்று பட்டியலை முடிச்சுப் போட்டுவிடுகிறோம், அல்லது உம் சேர்த்துவிடுகிறோம்; எது எதோடு சேரும் என்ற குழப்பம் எழாது. ஆங்கிலத்தில் எழும். “ஐ இன்வைட்டட் மை மேனேஜர்ஸ், டான் அண்ட் லிம்” என்றால், மேலாளர்களின் பெயர்தான் டான், லிம்மா? மேலாளர்கள் வேறு, டான் வேறு, லிம் வேறா? கடைசிக் காற்புள்ளி போட்டால் வேறு வேறு என்பது தெளிவாகிவிடும். ஆனால் அந்தக் காற்புள்ளியே குழப்பும் இடமும் உண்டு: “மை மேனேஜர், மிஸ்டர் டான், அண்ட் மிஸ் லிம்” என்றால் டான்தான் மேலாளரா? இங்கே எந்த விதியும் காப்பாற்றாது. வரிசையை மாற்றுங்கள், “மிஸ்டர் டான், மிஸ் லிம் அண்ட் மை மேனேஜர்” என்று எழுதிவிடுங்கள்.

பணம் புழங்கும் எழுத்தில் இந்தக் காற்புள்ளியை எப்போதும் போடுங்கள் என்பதே எங்கள் முடிவு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி வழக்கு இதற்குக் காரணம். எந்தெந்த வேலைகளுக்கு மிகைநேரச் சம்பளம் கிடையாது என்று மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் தந்திருந்தது. அதன் கடைசியில் “பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன் ஆஃப்” என்று இருந்தது. ஷிப்மென்ட் என்பதற்குப் பின் காற்புள்ளி இல்லை. பால் வண்டி ஓட்டுநர்கள் விநியோகம் செய்பவர்கள், பொட்டலம் கட்டுபவர்கள் அல்லர். காற்புள்ளி இல்லாததால் ‘அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொட்டலம் கட்டுவது’ என்றும் படிக்கலாம். அப்படிப் படித்தால் விநியோகம் விலக்குப் பட்டியலில் வராது, மிகைநேரச் சம்பளம் உண்டு என்று ஓட்டுநர்கள் வாதிட்டார்கள். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் வாசகம் இருபொருள்படுகிறது என்று கண்டு ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சமரசம் ஆனது. தீர்ப்புக்குப் பிறகு சட்டமன்றம் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது காற்புள்ளிகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு வேலைக்கும் பின் அரைப்புள்ளி போட்டது.

அந்தத் திருத்தம் நமக்கும் பயன்படும். பட்டியலின் உறுப்புகளுக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால், உறுப்புகளைப் பிரிக்க அரைப்புள்ளி: “டான், மேனேஜர்; லிம், எஞ்சினியர்; குமார், டெக்னிஷியன்.” இங்கே மட்டும் அரைப்புள்ளியின் இருபுறமும் முழு வாக்கியம் வேண்டியதில்லை. கூட்டக் குறிப்பில் வந்தவர் பெயர்களை எழுதும்போது இது கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் மூன்று பேர் ஆறு பேராகிவிடுவார்கள்.

அபாஸ்ட்ரஃபிக்கு வருவோம். தமிழில் இதற்கு இணை இல்லாததால் பெயரும் நிலைக்கவில்லை. உடைமையைக் காட்டும்போது எஸ்ஸுக்கு முன்னா பின்னா என்று தடுமாறுபவர்கள் சிங்கப்பூர் நாள்காட்டியைப் பார்த்தால் போதும். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை டீச்சர்ஸ்’ டே: டீச்சர்ஸ் என்பதே பன்மை, எஸ் ஏற்கெனவே இருக்கிறது, குறி அதற்குப் பின்னால். அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை சில்ட்ரன்’ஸ் டே: சில்ட்ரன் எஸ் இல்லாத பன்மை, எனவே குறி போட்டுப் பிறகு எஸ். மே மாதத்தில் மதர்’ஸ் டே: ஒவ்வொருவரும் தம் அம்மாவைக் கொண்டாடும் நாள், ஒருமை. ராஃபிள்ஸ் கேர்ள்ஸ்’ பள்ளியின் பெயர்ப்பலகையில் குறி எஸ்ஸுக்குப் பின்னால் இருப்பதும் இதனால்தான். எனவே செய்யவேண்டியது இது: முதலில் சொந்தக்காரரை முழுதாக எழுதுங்கள், ஒருமையா பன்மையா என்று பார்த்து. அதன் முடிவில் குறியைப் போடுங்கள். பன்மை எஸ்ஸில் முடிந்தால் அதோடு நிறுத்துங்கள், மற்றதற்கெல்லாம் இன்னொரு எஸ் சேருங்கள்.

தாஸ், ஜேம்ஸ், மோசஸ் என்று எஸ்ஸில் முடியும் ஒருமைப் பெயர்களுக்கு இரண்டு வழக்கம் உண்டு. வெறும் குறி மட்டும் போட்டு தாஸ்’ என்பது ஒன்று, அசோசியேட்டட் பிரஸ் வழி. குறியோடு இன்னொரு எஸ் சேர்ப்பது மற்றது. வாய்விட்டுச் சொல்லும்போது “தாஸஸ் ஆஃபீஸ்” என்றுதான் சொல்கிறோம். எனவே கூடுதல் எஸ் போடுவது ஒலிக்கும் எழுத்துக்கும் பொருந்துகிறது. மோசஸ் போலச் சொல்வதற்கே கடினமான பெயருக்குக் குறி மட்டும் போதும். ஒரே ஆவணத்தில் ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதாமல் இருந்தால் சரி.

இட்’ஸ், இட்ஸ் குழப்பத்துக்கு ஒரு சோதனை. அந்த இடத்தில் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படியுங்கள். பொருந்தினால் குறி, இல்லையேல் குறி இல்லை. ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ் எதிலும் குறி கிடையாது. இட்ஸும் அந்தக் குடும்பம். பன்மைக்கு அபாஸ்ட்ரஃபி போடவேகூடாது: 1990’ஸ் அல்ல, 1990ஸ்.

மேற்கோளுக்கு இரட்டைக் குறியா ஒற்றைக் குறியா என்பதில் நீண்ட வாதம் தேவையில்லை. பிரிட்டிஷ் புத்தகங்கள் பெரும்பாலும் ஒற்றைக்குறி, அமெரிக்காவில் இரட்டை. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றும் சிங்கப்பூரில் பள்ளிக் கட்டுரையிலும் பத்திரிகையிலும் இரட்டைக்குறிதான் பழகிய முகம். அதையே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இன்னொரு மேற்கோள் வந்தால் அதற்கு ஒற்றை. பிள்ளைகளின் கட்டுரையில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் “நான் வருகிறேன்” என்று சொன்னார் என்று எழுதும்போது குறிக்குள் காற்புள்ளி கிடையாது, ‘என்று’ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘என்று’ இல்லை, அதன் வேலையைக் காற்புள்ளி செய்கிறது: “ஐ ஆம் கமிங்,” ஹி செட். காற்புள்ளி மூடும் குறிக்கு உள்ளே. ஹி சிறிய எழுத்தில். உரையாடல் கேள்வியாக இருந்தால் காற்புள்ளியின் இடத்தை வினாக்குறி எடுத்துக்கொள்ளும், ஹி அப்போதும் சிறிய எழுத்தே. பேசுபவர் மாறினால் புதிய பத்தி.

கடிதத்தின் மேலும் கீழும் எப்படி? டியர் மிஸ்டர் டான் என்பதற்குப் பின் காற்புள்ளி போட்டால், முடிவில் யுவர்ஸ் சின்சியர்லி என்பதற்குப் பின்னும் போடுங்கள். மேலே விட்டால் கீழேயும் விடுங்கள். இரண்டுமே ஏற்கத்தக்கவை, கலப்பதுதான் தவறு. மிஸ்டர் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்துக்குப் பிறகு புள்ளி வைப்பது அமெரிக்க வழக்கம், இங்கே வேண்டாம். வீட்டு எண்ணில் மாடிக்கும் வீட்டுக்கும் நடுவே சிறுகோடு, முன்னால் ஹாஷ்: #05-123. அதில் இடைவெளி விடவேண்டாம்.

இந்தியாவிலிருந்து வந்து இங்கே கணக்குப் பார்ப்பவர்கள் கவனிக்கவேண்டியது எண்களின் காற்புள்ளி. 1,25,000 என்று லட்சக் கணக்கில் போட்ட விலைப்பட்டியலைப் பார்க்கும் சிங்கப்பூர் வாடிக்கையாளர் தட்டச்சுப் பிழை என்றே நினைப்பார். இங்கே மும்மூன்று இலக்கம்: 125,000 வெள்ளி. எக்செல் உங்கள் கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்துக் காற்புள்ளி போடுவதால், அந்த அமைப்பு இந்தியாவில் இருந்தால் கோப்பில் எத்தனை முறை திருத்தினாலும் பழைய வடிவமே திரும்ப வரும். அமைப்பை முதலில் மாற்றுங்கள்.

சிங்கப்பூர்த் தமிழர்களின் பெயருக்குள்ளேயே ஒரு குறி இருக்கிறது: எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) என்பவற்றில் வரும் சாய்கோடு. குமார் எஸ்/ஓ ராமன் என்பவருக்கு எழுதும்போது டியர் மிஸ்டர் குமார் என்றே விளிக்கவேண்டும். ராமன் அவருடைய தந்தை. கடைசிச் சொல் குடும்பப்பெயர் என்று எண்ணி டியர் மிஸ்டர் ராமன் என்று எழுதினால் கடிதம் தந்தைக்குப் போனதாகிவிடும். சாய்கோட்டின் இருபுறமும் இடைவெளி இல்லை. உடைமை காட்டும்போது முழுப்பெயரின் வாலில் அபாஸ்ட்ரஃபி தொங்கவிட்டால் விண்ணப்பம் தந்தையுடையது என்று படும். மிஸ்டர் குமார்’ஸ் அப்ளிகேஷன் என்று சுருக்கிவிடுங்கள். சில இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. அப்போது அடையாள அட்டையில் உள்ள பெயரிலிருந்து சாய்கோட்டை மட்டும் நீக்குங்கள், எழுத்துகளை அப்படியே விடுங்கள்.

எழுதிமுடித்ததைச் சரிபார்க்கவும் சில வழிகள் உண்டு. மென்பொருள் விரைவானது, இட்ஸ் குழப்பத்தையும் விட்டுப்போன முற்றுப்புள்ளியையும் நன்றாகப் பிடிக்கும். வேர்டில் மொழியை முதலில் ஆங்கிலம் – சிங்கப்பூர் என்றோ ஆங்கிலம் – பிரிட்டன் என்றோ மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங் என்று போனால் இலக்கண அமைப்புகளில் ஆக்ஸ்ஃபர்ட் கமாவைச் சோதிப்பதற்கான தெரிவும் இருக்கும். ஆனால் லாரியில் வந்தவர்கள் எல்லாருமா சிலரா என்பது மென்பொருளுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது பள்ளிகளில் சொல்லித்தரும் வழி. விட்டுப்போன சொல்லையும் மூச்சுமுட்டும் நீள வாக்கியத்தையும் அது காட்டிக்கொடுக்கும். காற்புள்ளி ஒட்டை மட்டும் காட்டாது, ஏனென்றால் அந்தக் காற்புள்ளியைப் போடவைத்ததே மூச்சுதான். அதற்குக் கையால் மறைக்கும் சோதனை வேண்டும். கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் போங்கள். ஒவ்வொரு காற்புள்ளியிலும் வலப்பக்கத்தை மறைத்து இடப்பக்கம் தனியே நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு இடப்பக்கத்தை மறைத்து வலப்பக்கத்தை. இரண்டும் தனியே நின்று, நடுவே ஏழு சொற்களில் ஒன்றும் இல்லையென்றால் அங்கே காற்புள்ளி போதாது.

நேரமில்லாத நாளில் கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தித் தேடல் பெட்டியைத் திறந்து, காற்புள்ளி, ஓர் இடைவெளி, அதையடுத்து ஹவெவர் என்று தட்டுங்கள். பிறகு அதேபோல் தென், தெர்ஃபோர். கடைசியாக காற்புள்ளியும் இடைவெளியும் ஐயும், காற்புள்ளியும் இடைவெளியும் ப்ளீஸும். காற்புள்ளி ஒட்டு அதிகம் ஒளிந்திருப்பது இந்த ஐந்து இடங்களில்தான். அகப்படுவதெல்லாம் பிழையாக இருக்காது. இஃப் என்று தொடங்கும் வாக்கியத்தில் காற்புள்ளிக்குப் பின் ப்ளீஸ் வருவது சரியே. எனவே அகப்பட்ட ஒவ்வொன்றுக்கும் அந்தக் கைமறைப்புச் சோதனையைச் செய்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.